காது கேளாத சாமியாரின் வரிசை

பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி. நாங்குநேரிக்குத் தெற்கே ஓர் ஊர். மாதா கோயிலில் இன்றைக்குப் பாவசங்கீர்த்தனம். பங்குச் சாமியாருக்கு ஒத்தாசையாகப் பக்கத்துப் பங்குகளில் இருந்து நான்கு சாமியார்கள் வந்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதில் உள்ளூர்க்காரர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு மூலைக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் முழங்கால் போட ஒரு பலகை. கழுத்தில் ஊதா ஸ்டோலை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காதை மட்டும் ஜனங்களுக்குக் கொடுத்து அமர்ந்திருக்கிறார்கள். சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியாயிற்று. அந்தோணியார் எது, சூசையப்பர் எது என்பதை நிற்கிற இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தால் ஐந்து வரிசைகளும் தெரிகின்றன. இன்னார் இங்கே போங்கள் என்று யாரும் பிரித்துவிடவில்லை. ஆனாலும் ஆளாளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளூர்ச் சாமியார் முன்னால் ஏழெட்டுப் பேர், அத்தனை பேரும் கிழவிகள். தினமும் காலைப் பூசைக்கு வருகிறவர்கள். அவரிடம் மறைக்க அவர்களுக்கு இனி ஒன்றும் இல்லை. தெற்கு மூலையில் உள்ள இளவயதுச் சாமியாரிடம் கல்லூரிப் பெண்கள். வெளியூர்ப் பேச்சு உள்ள ஒருவரிடம் நடுவயதுப் பெண்கள், முக்காட்டை இழுத்து இழுத்து விட்டபடி. வடக்கு மூலையில், கெபிக்குப் போகிற கதவோரம், பணி ஓய்வு பெற்ற ஒரு சாமியார். எண்பதைத் தாண்டியிருப்பார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது சுற்று வட்டாரத்துக்கே தெரியும். அவருடைய வரிசைதான் ஆக நீளம். தூணைச் சுற்றி, பாடகர் பெஞ்சைக் கடந்து, வாசல்படி வரை நிற்கிறது. முழுக்க ஆண்கள்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. சில சமயம் அவர் திடீரென்று தலையைத் திருப்பி, "என்னது? எத்தன தடவ?" என்று கேட்டுவிடுகிறார். அது கோயில் முழுக்கக் கேட்கிறது. மற்ற நான்கு வரிசைகளும் ஒரு கணம் அசைவற்று நிற்கின்றன. முழங்காலில் இருக்கிற ஆளின் பிடரி சிவக்கிறது. பதில் என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை. வரிசை மறுபடி நகர்கிறது. கலைந்து வேறு வரிசைக்குப் போனவர் யாரும் இல்லை.

சொல்லப்படுவது நமக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லிவிடுகிற சாமியாருக்குத் திருச்சபைச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை சபை நீக்கம். தற்செயலாகக் காதில் விழுந்தவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே இங்கே பார்க்கக் கிடைப்பவை முதுகுகளும் பாதங்களும்தான். செருப்பை வாசலில் விட்டு வந்த பாதங்கள். கொத்தனார் ஒருவரின் குதிகால் வெடிப்புகளில் சிமெண்ட் வெள்ளையாக உறைந்திருக்கிறது. அவர் வலது முழங்காலில் இருந்து இடதுக்கும், இடதில் இருந்து வலதுக்கும் கனத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒரு பெண் முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், சுற்றுகிறாள். பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். எழுந்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நேரே முன்பெஞ்சுக்குப் போய் முழங்காலிட்டு, உதடுகளை வேகமாக அசைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். வாசலில் பைக் கிளம்பும் சத்தம்.

புது நன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளைச் சிஸ்டர் ஒருவர் கூட்டி வந்து தரையில் உட்கார வைத்திருக்கிறார். அவர்களுக்கு இது முதல் பாவசங்கீர்த்தனம். மறந்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பையனுடைய சீட்டில் மூன்று வரிதான் இருக்கிறது போலும். அடுத்தவனுடையதை எட்டிப் பார்த்து எழுதிக்கொள்கிறான். சிஸ்டர் பார்த்துவிட்டார். இருவரையும் பார்வையாலேயே எழுப்பினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பாவமா?"

"சேந்துதான் சிஸ்டர் செஞ்சோம்."

வாத்தியார் வீட்டு மாங்காய் விவகாரம் என்று பின்னால் இருந்த சிறுமி விளக்கம் கொடுத்தாள். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

அந்தப் பையனின் பதிலை அகுஸ்தீனார் மெச்சியிருப்பார். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்கிற ஊரில், 16 வயதில், கூட்டாளிகளோடு அவர் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கினார். பசி இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. அள்ளி வந்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். ஆயராகிவிட்ட பிறகு, 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதத் தொடங்கிய தன் வாழ்க்கைக் கதையில் இந்தப் பேரிக்காய்களுக்காகப் பக்கம் பக்கமாகச் செலவிடுகிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன், கூட்டாளிகள் இருந்ததால் செய்தேன் என்பதும் அதில் வருகிறது. இத்தனை சின்னத் திருட்டுக்கு இத்தனை பெரிய விசாரணை எதற்கு என்று படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். அவருக்கு அங்கே தெரிந்தது பழம் இல்லை. எந்த லாபமும் இல்லாமல், தப்பு என்பதற்காகவே தப்பின் மேல் வந்த ஆசை. அதைப் பதினாறு வயதில் அவர் பார்க்கவில்லை. மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று நம்பிய பிறகு, நாற்பதுகளில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்.

சீட்டு எழுதும் பழக்கம் இந்தப் பிள்ளைகளோடு தொடங்கியதும் இல்லை. ஆதித் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்குத்தான் பகிரங்கத் தவம். அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. ஊரறிய ஆண்டுக்கணக்கில் தவம் செய்து முடித்தவர்களை உள்ளே சேர்த்துக்கொள்வது பெரிய வியாழனன்று நடக்கும். பிறகு 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் பட்டியல் போட்டார்கள்: இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும். 1215இல் கூடிய லாத்தரான் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று விதித்தது. சாமியாருக்கும் ஜனத்துக்கும் நடுவில் தடுப்பு வைத்த தொட்டியைப் பரவலாக்கியவர் 16ஆம் நூற்றாண்டு மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ.

ஞானோபதேசத்தில் பாவத்துக்குத் தராசு இருக்கிறது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும். பாவம் என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சாவான பாவம். ஒன்று குறைந்தாலும் அற்பப் பாவம். சாவான பாவத்துக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அது ஆத்துமத்தில் இருக்கும் தேவ இஷ்டப்பிரசாதத்தை அழித்துவிடுகிறது என்பது. சட்டத்தை மீறினாய் என்பதோடு கணக்கு முடிவதில்லை; உனக்குக் கொடுத்திருந்ததை நீ என்ன செய்தாய் என்றும் கேட்கிறார்கள். கொடுக்கப்பட்டது ஒன்று இருந்தால்தான் இந்த இரண்டாவது கேள்விக்கே இடம்.

கோயிலில் கூட்டம் குறைகிறது. கொத்தனாருக்கு என்ன பரிகாரம் சொன்னார்கள் என்று தெரியாது. முன்பெஞ்சில் அவர் இருந்த நேரத்தைப் பார்த்தால் மூன்று அருள் நிறைந்த மந்திரத்துக்கு மேல் இருக்காது. எத்தனை வருஷப் பாரமோ, மூன்று மந்திரம். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இது கொஞ்சம் மலிவாகத்தான் படும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமியார் கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டார். பரிகாரம் அதற்குப் பிறகு. கோர்ட்டில் என்றால் அபராதம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது: தவம் முதலில், மன்னிப்பு கடைசியில். முதல் ஆயிரம் ஆண்டு முடியும் தறுவாயில் வரிசை தலைகீழானது. விடுதலை முதலில் வந்தது. அதன் பிறகு மனிதன் செய்கிற எதுவும் விலை கொடுப்பதாக இருக்க முடியாது. அதற்கு வேறு ஏதோ பெயர் வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கடைசி ஆள் போன பிறகு, உள்ளூர்ச் சாமியார் தொட்டியை விட்டு எழுந்து வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நிமிர்ந்தார். பிறகு காது கேளாத பெரியவரின் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவரும் அந்த வரிசையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

பெரிய வியாழன் இரவு, அதே தெருவில், எதிர்ச் சாரியில் சி.எஸ்.ஐ. கோயில். திருவிருந்து ஆராதனை. இங்கே தொட்டியும் இல்லை, வரிசையும் இல்லை, ஊதாத் துணி போட்டு மூடச் சுரூபங்களும் இல்லை. ஐயர் வெள்ளை அங்கியில் நிற்கிறார். சபை மொத்தமும் முழங்காலிட்டு ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்கிறது. ஒரே வேகம், ஒரே ஏற்ற இறக்கம். வட்டிக்காரரும் வட்டி கட்டுகிறவரும் ஒரே வரியை ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். யாரும் தனியாகப் பிடிபடுவதில்லை என்று இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. யாரும் தனியாகத் தப்பிப்பதும் இல்லை.

இப்படிக் கூட்டாகச் சொல்லும் அறிக்கையை 1552இல் காலை, மாலை ஆராதனைகளின் தொடக்கத்தில் வைத்தவர் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன்பே மிஷனரிகளின் ஜெப புத்தகத்தோடு அது திருநெல்வேலிச் சீமைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு வைப்புமுறை இருக்கிறது. செய்த தப்புகள் இரண்டாவதாகத்தான் வரும். செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டது முதலில் வரும். சீட்டு எழுதும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல். செய்ததை எண்ணலாம். செய்யாமல் விட்டதை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

அறிக்கை நடுவில் இருக்கும்போது, நான்காவது பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் கண்ணைத் திறந்தார். முன்பெஞ்சில் முழங்காலிட்டிருக்கிற பெண்ணின் வளையல் விளக்கொளியில் பளபளத்தது. புதுசு. ஆறு பவுனாவது இருக்கும். அம்மாளின் பார்வை அதில் போய் உட்கார்ந்தது. உதடுகள் மட்டும் அறிக்கையைத் தொடர்ந்துகொண்டிருந்தன. பிறகு சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

இந்த ஒரு பார்வை பாவமா? தெருவின் அந்தப் பக்கத்து மாதா கோயிலும், சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரும் பிரிகிற இடம் இதுதான். ஆசை தானாக எழுவது பலவீனம், மனம் அதற்குச் சம்மதித்தால்தான் பாவம் என்பது கத்தோலிக்கக் கணக்கு. எழுகிறதே, அதுவே பாவம் என்பார் லூத்தர். அவர் சும்மா சொல்லவில்லை. எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தவர் அவர். ஆறு மணி நேரம்கூட நீண்டதுண்டு என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். முடித்துவிட்டுப் போவார், இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பி வருவார். கேட்டுக்கொண்டிருந்த மூத்த துறவி ஸ்டௌபிட்ஸ் பொறுமைசாலி, அவருக்கே அலுத்துப்போனது. சொன்ன பாவத்துக்குத்தான் மன்னிப்பு என்றால் மறந்த பாவத்துக்கு? தெரியாத பாவத்துக்கு? இந்தக் கேள்வி லூத்தரைத் தூங்கவிடவில்லை. 1515–16இல் ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தும்போது அவர் பட்டியலையே விட்டுவிட்டார். பாவம் என்பது எண்ணத்தக்க செயல்களுக்கு முன்னால் இருக்கிற ஒன்று, மனிதன் தன் பக்கமாகவே வளைந்து கிடக்கிற வளைவு. நன்மை செய்யும்போதும் அந்த வளைவு இருக்கும். ஆக, மன்னிக்கப்பட்ட மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்.

அவர் இப்படிச் சொன்னது மனிதனைக் கேவலப்படுத்த என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனைத் தள்ளுபடி செய்தாயிற்று என்று உறுதியாகத் தெரிந்தவனுக்குத்தான் கணக்குப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டும் தைரியம் வரும். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் இரட்சிக்கப்படுவது தன் தகுதியால் இல்லை, கிருபையால்தான் என்று ஒன்றாகக் கையெழுத்துப் போட்டன. நானூறு வருஷத்துக்கும் மேலான சண்டை அது. அந்த வளையல் பார்வை பாவமா என்பதை மட்டும் இரண்டு தரப்பும் அவரவர் பத்தியில் தனித்தனியாக எழுதிக்கொண்டன.

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைகிறபோது பாடகர் குழுப் பையன் ஒருவன் கீபோர்டில் 'அமேசிங் கிரேஸ்' மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். உலகத்தில் கிருபைக்கு இதைவிடப் பிரபலமான பாட்டு கிடையாது. எழுதியவர் ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல் தலைவனாக இருந்தவர், புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், தொழிலை விட்டார், பாட்டு எழுதினார் என்று கதையைச் சொல்வார்கள். தேதிகளைப் போட்டுப் பார்த்தால் கதை அப்படி ஓடவில்லை. புயல் 1748 மார்ச்சில். மனந்திரும்பியதும் அப்போதே. அதற்குப் பிறகுதான் அவர் கப்பல் தலைவனாகவே ஆனார். 1750க்கும் 1754க்கும் நடுவில் மூன்று தடவை ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி மேல்தளத்தில் ஜெபம் நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கடலை விட்டதும் மனசாட்சியால் இல்லை, உடம்புக்கு வந்த திடீர்க் கோளாறால். பாட்டை 1772 கடைசியில் எழுதினார்; ஓல்னி என்கிற சிற்றூர்ச் சபையில் 1773 ஜனவரி முதல் தேதி அதைக் கொடுத்தார். அடிமை வியாபாரத்தைப் பற்றித் தன் வாயால் பகிரங்கமாக எழுதியது 1788இல். புயலுக்கும் அந்தச் சிறு நூலுக்கும் இடையில் 40 வருஷம். தன்னுடைய இந்த அறிக்கை காலம் கடந்து வருகிறது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார்.

நியூட்டனைப் பொய்யர் என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். அவர் பொய்யர் இல்லை என்பதுதான் சங்கடம். இந்த 40 வருஷமும் அவர் தன் பாவங்களை நினைத்து உண்மையாகவே அழுதவர். பட்டியலில் கெட்ட வார்த்தை இருந்தது, தேவதூஷணம் இருந்தது. கப்பலின் சரக்கு மட்டும் அதில் இல்லை. அன்றைக்கு அது கௌரவமான தொழில். மன்னிப்பு முதலில் வந்தது, எது மன்னிக்கப்பட்டது என்ற அறிவு நான்கு பத்தாண்டு கழித்து வந்தது. பாவத்தை முதலில் முழுசாக அறிந்து, பிறகு கிருபைக்கு விண்ணப்பம் போடுவது என்கிற ஒழுங்கு பிரசங்கத்தில் நன்றாக இருக்கும். மனிதர்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் இப்படித் தலைகீழாகத்தான் நடக்கிறது.

இப்படி ஒன்றைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இந்தத் தெருவில் இருந்து சில மைல் தள்ளி வடக்கன்குளம். தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். சாதி பாராமல் பழகியதற்காகவும் பேசப்பட்ட அவர் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலுக்கு இரண்டு கை. வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலானவர்களுக்கு ஒன்று. இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும், நடுவில் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் அந்தப் பக்கம் இருந்தவர்களும் வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கியவர்கள்தான். பொய் சொன்னதைச் சொல்லியிருப்பார்கள், கோபப்பட்டதைச் சொல்லியிருப்பார்கள். சுவரை யாராவது சொல்லியிருப்பார்களா? 1910இல் சாமியார்கள் அதை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்ப வரவில்லை. வழக்காடியவர்கள் தங்களை நல்ல கிறிஸ்தவர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வழக்காடினார்கள்.

செவ்வாய்க்கிழமை நின்ற ஐந்து வரிசைகளிலும் யாராவது அப்படி ஒன்றைச் சொன்னார்களா என்று நமக்குத் தெரியப் போவதில்லை. காது கேளாத பெரியவருக்கே தெரியுமோ என்னவோ.

சனிக்கிழமை காலை. தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே ஜெப வீட்டில் உபவாசக் கூட்டம் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். பெண்கள் வெள்ளைச் சேலை. காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. நகையும் சினிமாவும் பாவம் என்று பிரசங்கித்த பாஸ்டர்களின் தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இப்போது பிள்ளைகள் கைபேசியில் வேறு பிரசங்கம் கேட்கிறார்கள்: செய்த பாவம், செய்கிற பாவம், செய்யப்போகிற பாவம் மூன்றும் சிலுவையிலேயே தீர்ந்துவிட்டன. சிங்கப்பூர் நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ் இந்த வழியில் பெயர் பெற்றவர். கேள்வி என்னவோ பழையது. கிருபை பெருகுமென்றால் பாவத்தைத் தொடரலாமே என்ற வாதத்தைப் பவுல் தானே எடுத்துத் தானே மறுத்திருக்கிறார். விசுவாசிக்கு இனி நியாயப்பிரமாணப் பிரசங்கம் தேவையில்லை என்று சொன்ன சொந்தச் சீடர் அக்ரிகோலாவோடு லூத்தர் 1537 முதல் மல்லுக்கட்டினார். சரியாக 400 வருஷம் கழித்து, 1937இல், ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்துகொண்டு லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் தன் நாட்டுச் சபையைப் பார்த்து, நீங்கள் விற்பது மலிவான கிருபை என்று எழுதினார். பாவியை விட்டுவிட்டுப் பாவத்தை மன்னிக்கிற சரக்கு அது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

ஜெப வீட்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் இரண்டு பேர். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். மூத்தவர் மாதா கோயில் பங்கு. கைலி, தோளில் துண்டு. இளையவர் ஜெப வீட்டில் இருந்து நேரே வருகிறார். வெள்ளைச் சட்டை, ஜிப் வைத்த பைபிள் உறை. இருவருடைய விளைகளுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கல். அது சில வருஷத்துக்கு முன் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது யார் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை.

"அதெல்லாம் பழைய மனுஷன் செஞ்சதுண்ணே. ஞானஸ்நானத்துல அவன் செத்தாச்சு."

"செத்தவன் நட்ட கல்லு இன்னும் அங்கனயேல்லா நிக்கி?"

"கர்த்தர் மன்னிச்சத நீங்க ஏண்ணே கிளறுதீய?"

"அவரு மன்னிச்சா மன்னிச்சிட்டுப் போறாரு. நீ அவரு நெலத்தையாலே எடுத்த? எம் வெளையில்லா எடுத்த."

தாவீதின் 51ஆம் சங்கீதத்துக்கும் இந்த இடத்தில்தான் காலம் காலமாக இடிக்கிறது. உரியாவின் மனைவியை எடுத்து, உரியாவையும் போரில் முன்னால் நிறுத்திச் சாகவிட்ட ராஜா, கடவுளைப் பார்த்து உமக்கு ஒருவருக்கே குற்றம் செய்தேன் என்கிற பொருளில் பாடுகிறார். அதற்கு வேத பண்டிதர்கள் நல்ல நல்ல விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். எதுவும் உரியா வாசித்து ஒப்புக்கொள்ளும்படி இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு வாங்கினாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தீராது என்று பழைய ஞானோபதேசம் அழுத்திச் சொல்வதற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இளையவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மூத்தவர் விடுவதாக இல்லை.

"வேதத்த எனக்குப் படிச்சுக் காட்டுதியே, சகேயு என்ன செஞ்சான்?"

"நாலத்தனையாத் திருப்பிக் கொடுத்தான்."

"யாராவது கேட்டாவளா?"

"யாரும் கேக்கல. ஆண்டவர் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு. அவனாச் சொன்னான்."

"நாலு மடங்கு எனக்கு வேண்டாம். ஒரு முழம் போதும்."

ஜெப வீட்டில் இருந்து ஒரு பையன் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கடந்து போனான். இளையவருக்கு ஸ்தோத்திரம் சொன்னான். அவர் திரும்பச் சொல்ல மறந்துவிட்டார்.

"சித்திர கழியட்டும்ணே. சர்வேயரக் கூட்டிட்டு வாறேன்."

"எந்த வருசத்துச் சித்திர?"

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். இளையவர் சிரிக்கவில்லை. பைபிள் உறையின் பக்கப் பையில் இருந்து கைபேசியை எடுத்து, யாருடைய எண்ணையோ தேட ஆரம்பித்தார்.